கடைசி செமஸ்டரின் 300 மணி நேரத்தை எதில் போடுவது?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி கணினி அறிவியல் படிப்பவருக்கு எட்டாம் செமஸ்டரில் 'புராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப்' என்று 10 கிரெடிட் ஒதுக்கியிருக்கிறார்கள். வாரத்துக்கு 20 மணி நேரம். 15 வாரம் என்று கணக்குப் போட்டால் 300 மணி நேரம். கலை, அறிவியல் கல்லூரிகளில் இந்த அளவு குறையலாம். ஆனால் அங்கும் கடைசி ஆண்டில் ஒரு புராஜெக்ட் இருக்கத்தான் செய்கிறது. படிப்பு முழுவதிலும் இவ்வளவு நீளமாக, ஒரே வேலையில் உட்காரக் கிடைக்கும் நேரம் இது ஒன்றுதான். பெரும்பாலானவர்கள் இதைக் கடைசி மூன்று வாரத்தில் அள்ளிப் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கும் முன் ஓர் அளவுகோல் வேண்டும். அலுவலகத்தில் நடக்கும் அறிவு சார்ந்த வேலை எதை எடுத்தாலும், நிரலோ, கணக்கறிக்கையோ, மொழிபெயர்ப்போ, வரைபடமோ, நடைமுறை ஒன்றுதான். நீங்கள் செய்ததை இன்னொருவர் படிக்கிறார். குறை சொல்லித் திருப்பி அனுப்புகிறார். நீங்கள் திருத்தி மறுபடி தருகிறீர்கள். இரண்டு, மூன்று சுற்றுக்குப் பிறகு ஏற்கிறார்கள். கல்லூரி விடைத்தாளுக்கு இந்தச் சுற்று கிடையாது. ஒருமுறை போகிறது, மதிப்பெண்ணாக வருகிறது, அதோடு சரி. எட்டு மதிப்பெண்ணுக்கு ஐந்து வாங்கிய விடையை யாரும் மறுபடி எழுதிக் கொண்டுவரச் சொல்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதத்தில் பலர் திணறுவது பாடம் தெரியாததால் என்பதைவிட, திரும்பி வந்த வேலையை என்ன செய்வது என்று பழகாததால்தான். சிலர் அதை அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் சொன்ன ஒரு வரியை மட்டும் மாற்றிவிட்டு, அதே தவறு இருக்கும் மற்ற பத்து இடங்களை அப்படியே விட்டு அனுப்புகிறார்கள்.

அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது இதுதான்: இந்த 15 வாரத்தில் என் வேலை எத்தனை முறை என்னிடம் திரும்பி வரும்? திருப்பித் தருகிறவருக்கு அந்த வேலையில் உண்மையான அக்கறை உண்டா?

கடையில் வாங்கும் புராஜெக்ட்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தலைப்புப் பட்டியல், ஆயத்த நிரல், அச்சடித்த அறிக்கை, வைவாவுக்கு வரக்கூடிய கேள்விகள் வரை எல்லாம் விலைக்குக் கிடைக்கின்றன. திரும்பி வரும் சுற்று: பூஜ்யம். ஒரே தலைப்பு பல கல்லூரிகளுக்குப் போவதால் நேர்காணலில் அதை ஏற்கெனவே பார்த்தவர் எதிரே உட்கார்ந்திருக்கவும் கூடும். "இதில் உங்களுக்கு எது முதலில் தப்பாகப் போனது?" என்ற ஒரு கேள்விக்குப் பதில் இருக்காது. அரியர் நிறைய இருக்கிறது, நேரமே இல்லை என்பவர்களுக்குக்கூட, சின்னதாகச் சொந்தமாகச் செய்த ஒன்று இதைவிட மேல்.

ஆன்லைன் சான்றிதழ்

என்.பி.டி.இ.எல். படிப்புகள் நல்ல தரம். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் காணொளிகளை இலவசமாகப் பார்க்கலாம். தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். 12 வாரப் படிப்பு என்றால் ஏறக்குறைய 30 மணி நேரக் காணொளி. வாராந்திரப் பயிற்சிகளில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் வேண்டுமானால் முன்னதில் குறைந்தது 10, பின்னதில் குறைந்தது 30 எடுக்க வேண்டும்.

இங்கே என்ன கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சிகளில் பெரும்பாலானவை விடையைத் தெரிவு செய்யும் வகை. தவறாகச் செய்தால் மதிப்பெண் குறையுமே தவிர, உங்கள் எண்ணம் எங்கே வழி தவறியது என்று யாரும் எழுதி அனுப்ப மாட்டார்கள். ஆகவே இதை முக்கிய வழியாக எடுக்க வேண்டாம். ஓட்டையை அடைக்கும் சிமென்ட் மாதிரி பயன்படுத்துங்கள். தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் வினவல் எழுதத் தெரியவில்லை, புள்ளியியல் அடிப்படை இல்லை என்றால் அந்த ஒரு படிப்பை மட்டும் எடுங்கள். ஒரே செமஸ்டரில் ஐந்து சான்றிதழ் சேர்ப்பவருக்குப் பெரும்பாலும் ஐந்திலும் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு நினைவில் எதுவும் தங்குவதில்லை.

இன்டர்ன்ஷிப்

நல்ல இடமாக அமைந்தால் இதைவிடச் சிறந்தது இல்லை. மேலே ஒரு மூத்தவர், கையில் உண்மையான வேலை, வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டிய கட்டாயம் எல்லாம் ஒருங்கே கிடைக்கும். சிக்கல், 'இன்டர்ன்ஷிப்' என்ற பெயரில் இன்று நடப்பதில் பலவற்றுக்கு இந்த மூன்றும் கிடையாது.

போலியைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. விண்ணப்பித்த சில நிமிடத்தில் ஆஃபர் லெட்டர் வரும். 'பதிவுக் கட்டணம்' கேட்பார்கள். வேலையாகக் கொடுப்பது ஒரு கால்குலேட்டர், ஒரு செய்ய வேண்டியவை பட்டியல், ஒரு முகப்புப் பக்கம் என்று எல்லாருக்கும் பொதுவான மூன்று பயிற்சிகள். முடித்ததும் சமூக வலைதளத்தில் அவர்கள் பெயரைப் போட்டுப் பதிவிடச் சொல்வார்கள். நிரலை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நல்ல இடமா என்று அறிய, சேரும் முன்பே நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். என் வேலையை யார் படிப்பார், அவர் வாரத்தில் எத்தனை முறை என்னோடு பேசுவார்? முதல் மாதத்தில் எந்த வேலையில் இருப்பேன்? போன ஆண்டு பயிற்சிக்கு வந்த ஒருவரிடம் பேச முடியுமா? செய்ததில் எதைக் கல்லூரி அறிக்கையில் காட்டலாம்? முதல் கேள்விக்கு ஒரு மனிதரின் பெயர் பதிலாக வராவிட்டால் யோசியுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. நான்கு மாதம் நன்றாக உழைத்திருப்பார்கள், ரகசியக் காப்பு ஒப்பந்தம் காரணமாக வைவாவில் காட்ட ஒரு படம்கூட இருக்காது.

பொறியியல் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறுவனங்கள் பெரும்பாலும் ஆறு மாதம் கேட்கும். செமஸ்டரோ நான்கு மாதம்தான். 2021 பாடத்திட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது: இன்டர்ன்ஷிப்பை ஏழாம் செமஸ்டரில் வைத்துக்கொண்டு, ஏழாம் செமஸ்டர் பாடங்களை எட்டாவதில் படிக்கலாம். ஆனால் துறை அதற்கேற்ப வகுப்பு போட வேண்டும். ஆறாம் செமஸ்டர் முடியும் முன்பே துறைத் தலைவரிடம் பேசாவிட்டால் இது நடக்காது.

திறந்த மூலமும் விக்கிமூலமும்

நிறுவனத் தொடர்பு எதுவும் இல்லாத ஊர்க் கல்லூரி மாணவருக்கு, திரும்பி வரும் சுற்று நிச்சயமாகக் கிடைக்கும் இடம் இது. செலவு இணையக் கட்டணம் மட்டுமே.

நிரல் எழுதுகிறவர்கள் தாங்களே பயன்படுத்தும் ஒரு திறந்த மூல மென்பொருளை, அதாவது நிரலை யாரும் படித்துத் திருத்தம் அனுப்பக்கூடிய ஒன்றை, எடுங்கள். பங்களிப்பு விதிகளைப் படியுங்கள். உங்கள் கணினியில் அதை நிறுவி ஓடவிடுங்கள். இதற்கே ஒரு வாரம் போகலாம், பயப்பட வேண்டாம். யாரோ பதிந்துவைத்த ஒரு பிழையை உங்கள் கணினியிலும் வரவழைத்துப் பாருங்கள். வந்தால், எந்தப் பதிப்பில், எந்த வரிசையில் செய்தபோது வந்தது என்று அங்கேயே எழுதுங்கள். திருத்தம் அனுப்புவது அதற்குப் பிறகு.

முதல்முறை அனுப்புகிறவர்களுக்கு நேரும் பொதுவான விபத்து ஒன்று உண்டு. மூன்று வரிதான் மாற்றியிருப்பார்கள். ஆனால் எடிட்டரில் 'சேமிக்கும்போது வடிவமை' என்ற வசதி இயங்கிக்கொண்டிருக்கும். அது கோப்பு முழுவதிலும் இடைவெளிகளைத் திருத்திவிடும். பார்க்கிறவருக்கு 3 வரிக்குப் பதில் 600 வரி மாறியதாகத் தெரியும். அவர் படிக்காமலே மூடிவிடுவார். மூடியதற்கு உங்கள் திறமையின்மை காரணமில்லை. எது மாறியது என்று கண்டுபிடிக்கும் வேலையை அவர் தலையில் கட்டியதுதான் காரணம். அனுப்பும் முன் வித்தியாசத்தை ஒருமுறை வரிவரியாகப் பார்ப்பது என்ற பழக்கம் இந்த ஓர் அடியிலேயே வந்துவிடும். அலுவலகத்தில் பிறகு எந்தக் கோப்பை அனுப்பினாலும் அது கூட வரும்.

இங்குள்ள குறை: எதிரே இருப்பவர் தன்னார்வலர். பதிலுக்கு மூன்று வாரம்கூட ஆகலாம். ஆகவே செமஸ்டர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பித்து, இரண்டு திட்டங்களில் கால் வையுங்கள். தமிழிலேயே கேட்டுத் தெளிய வேண்டுமானால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்றவர்கள் இருக்கிறார்கள்.

நிரல் தெரியாத தமிழ், வரலாறு, ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு, நூல்களைத் தன்னார்வலர்கள் எழுத்தாக்கிச் சேர்க்கும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலம். இதை இன்னும் பல கல்லூரிகள் கண்டுகொள்ளாதது பெரிய இழப்பு. அங்கே ஸ்கேன் செய்த நூலின் பக்கம் ஒரு புறமும் கணினி படித்த எழுத்து மறுபுறமும் இருக்கும். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. நீங்கள் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சள். வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க மென்பொருள் விடாது. எழுதியவர் வேறு, சரிபார்ப்பவர் வேறு என்ற அலுவலக ஒழுங்கு அந்தப் பொத்தானிலேயே பதிந்திருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல் என்றால் பழைய வடிவ 'ணை', 'லை', 'னை', 'றா' எல்லாம் வரும். கணினி இவற்றில் அடிக்கடி தடுமாறும். துணைக்காலையும் 'ர'வையும் மாற்றிப் போடும். ஒரு 150 பக்க நூலை இருவர் பங்குபோட்டு, ஒருவர் மஞ்சளாக்கியதை மற்றவர் பச்சையாக்கி முடித்தால், பதிப்பகத்திலோ செய்தி மேசையிலோ காட்ட ஒரு முழு நூல் கையில் இருக்கும். அதன் ஒவ்வொரு பக்கத்தின் திருத்த வரலாறும் பொதுவெளியில் இருக்கும்.

ஊரில் இருக்கும் உண்மையான வேலை

நல்ல இன்டர்ன்ஷிப் கையில் இல்லையென்றால் எங்கள் பரிந்துரையில் முதலிடம் இதற்குத்தான். பலர் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் கேட்பதற்குப் பெரிதாக இல்லை. பால் கூட்டுறவுச் சங்கம், பின்னலாடைப் பட்டறை, ஊர்ப்புற நூலகம், தெருமுனை மருந்துக்கடை: இவற்றில் ஒன்றில் தினமும் நடக்கும் ஒரு கணக்கை எடுத்து அதைச் சரியாக்கித் தருவது. 'செயற்கை நுண்ணறிவு வழி நோய் கண்டறிதல்' என்ற தலைப்பின் முன் இது மங்கலாகத் தெரியும். ஆனால் உங்கள் வேலை தவறினால் மறுநாளே சொல்ல ஆள் இருக்கிறார்.

பால் சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். 80 உறுப்பினர், காலை, மாலை இரு வேளை. 60 நாள் பேரேடு என்றால் 9,600 வரி. எல்லாவற்றையும் முதல் வாரமே தட்டச்சு செய்ய உட்காராதீர்கள். ஏழு நாள் மட்டும், அதாவது 1,120 வரி எடுங்கள். தேதி, வேளை, உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு, கொழுப்பில்லா திடப்பொருள், விலை, தொகை என்று எட்டு நெடுவரிசை.

உடனே கோளாறுகள் வரும். '007' என்று அடித்த உறுப்பினர் எண் 7 ஆகிவிடும். அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையை உரை வடிவத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். ஏப்ரல் 3-ஐக் குறிக்கும் 03/04, அமெரிக்க அமைப்பில் இருக்கும் கணினியில் மார்ச் 4 ஆகும். 12-ஆம் தேதிக்குப் பிறகு வருபவை மட்டும் தேதியாகாமல் உரையாக நிற்கும், அப்போதுதான் கவனிப்பீர்கள். பெயர்கள் 'எஸ். முருகன்', 'முருகன் எஸ்.', 'முருகன்' என்று மூன்று விதமாக இருக்கும். ஆகையால் பெயரை வைத்துக் கூட்டவே கூடாது, எண்ணை வைத்துத்தான். 4.2 கொழுப்பை 42 என்று அடித்திருப்பீர்கள். ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிகக் குறைந்த, மிக அதிக மதிப்பைப் பார்த்தால் இது ஒரு நிமிடத்தில் பிடிபடும். கோப்பை சி.எஸ்.வி.யாகச் சேமித்து எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் குழம்பி நிற்கக்கூடும். நேராகத் திறக்காமல் தரவு இறக்கும் வழியாகப் போய், குறியீடு 65001, யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய கோப்பு யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

இவையெல்லாம் நீங்களே கண்டுபிடிக்கக்கூடியவை. சங்கச் செயலாளரிடம் தாளைக் காட்டும்போதுதான் உண்மையான பாடம் வரும். ஒரே நாள், ஒரே வேளை, ஒரே உறுப்பினர் எண்ணில் இரண்டு வரி இருப்பதைப் பார்த்து, இரட்டைப் பதிவு என்று நீங்கள் ஒன்றை நீக்கியிருப்பீர்கள். "அதை ஏன் எடுத்தீங்க தம்பி? அந்த வீட்ல மாமியாரும் மருமகளும் தனித்தனியா ஊத்துவாங்க, எண் ஒண்ணுதான்" என்பார் அவர். எக்செலின் 'டூப்ளிகேட் நீக்கு' பொத்தான் ஒரு குடும்பத்தின் பால் காசை நீக்கியிருக்கிறது. இந்தச் செய்தி பேரேட்டில் இல்லை, அவர் மனசில்தான் இருந்தது. கேட்டு வாங்கினால் ஒழிய வராது. தரவு வேலை எதிலும், எந்தப் பெரிய நிறுவனத்திலும், பாதி உழைப்பு இப்படி ஆட்களின் மனசில் இருப்பதை வெளியே கொண்டுவருவதுதான். இதை 1,120 வரியிலேயே தெரிந்துகொண்டதால் மீதி 8,480 வரி தப்பித்தது.

வாரம் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டினால் 15 வாரத்தில் குறைந்தது பத்துச் சுற்று உறுதி. உறுப்பினரின் வங்கிக் கணக்கு, தொலைபேசி எண்ணை எடுத்து வராதீர்கள். கல்லூரி அறிக்கையில் பெயர் இருக்கக் கூடாது, எண்ணையும் மாற்றிப் போடுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள், எதைக் காட்டுவீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிச் செயலாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே பேரேட்டைத் தொடுங்கள்.

இதன் பலவீனம்: அவர் வேலை சரியா என்று சொல்வார், நீங்கள் அதைச் செய்த முறை சரியா என்று அவருக்குத் தெரியாது. ஃபார்முலாவைப் படித்துப் பார்க்க வேறொருவர் வேண்டும். உங்கள் கைடு அதைச் செய்தால் நல்லது. இல்லையென்றால் வகுப்புத் தோழர் ஒருவரோடு ஒப்பந்தம் போடுங்கள்: ஒவ்வொரு வியாழனும் அவர் தாளை நீங்கள் பார்க்க, உங்கள் தாளை அவர் பார்க்க.

சாட்ஜிபிடி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

எந்த வழியை எடுத்தாலும் இந்தக் கேள்வி வரும். முதல் வரைவு எழுதுவது இன்று மலிவாகிவிட்டது. அது சரியா என்று பார்க்கும் வேலை மலிவாகவில்லை, கூடியிருக்கிறது. எனவே பயன்படுத்துங்கள், ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். பால் கணக்கில் ஃபார்முலா கேட்கும் முன் பத்து வரியை எடுத்துக் கையால், கால்குலேட்டரில் போட்டு விடை எழுதி வையுங்கள். பிறகு கருவி தந்த ஃபார்முலாவை அதே பத்து வரியில் ஓட்டி ஒப்பிடுங்கள். அந்தப் பத்தில் குறைந்தது இரண்டு சிக்கலான வரியாக இருக்கட்டும்: அந்த மாமியார், மருமகள் வரி, பால் ஊற்றாத நாள்.

விக்கிமூலத்தில் எச்சரிக்கை வேறு மாதிரி. மூலத்தில் 'அவற்றுட் சில' என்று இருப்பதைக் கருவி 'அவற்றுள் சில' என்று அழகாகத் திருத்தித் தந்துவிடும். படிக்க நன்றாக இருக்கும். மெய்ப்புப் பணியில் அது தவறு, ஏனென்றால் அங்கே வேலை ஆசிரியர் எழுதியதை எழுதியபடி காப்பது. திறந்த மூலத் திட்டங்களிலோ, தனக்கே புரியாத கருவி நிரலை அனுப்பி, கேள்வி கேட்டால் அதற்கும் கருவியின் பதிலையே ஒட்டுகிறவர்களுக்குப் பிறகு யாரும் பதில் சொல்வதில்லை.

யாருக்கு எது?

மேலே ஒருவர் பெயர் சொல்லி, என்ன வேலை என்றும் சொல்லும் இன்டர்ன்ஷிப் கையில் இருந்தால் அதை எடுங்கள், மற்றதைப் பார்க்க வேண்டாம். அது இல்லையென்றால், பி.காம்., பி.எஸ்சி., பி.சி.ஏ. மாணவர்களுக்கும் பெரும்பாலான பொறியியல் மாணவர்களுக்கும் ஊர் வேலையை முதன்மையாக வைத்து 300 மணியில் 200-ஐ அதற்குக் கொடுக்கலாம். 60 மணி திறந்த மூலத்துக்கு. மீதி 40-இல் தேவையான ஒரே ஒரு என்.பி.டி.இ.எல். படிப்பு அடங்கிவிடும். மொழிப்பாட மாணவர்களுக்கு விக்கிமூலம் முதன்மை. நிரலில் ஏற்கெனவே கை தேர்ந்தவர் விகிதத்தைத் தலைகீழாக்கித் திறந்த மூலத்துக்கு 200 கொடுக்கலாம். திறந்த மூலத் திட்டங்களில் பங்களிக்க உதவித்தொகை தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு போன்றவற்றுக்கு அந்தப் பழக்கம் பின்னால் உதவும்.

படிப்பு முடிந்தும் வேலை அமையாவிட்டால் இன்னொரு கதவு திறந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி உண்டு. இதைக் கவனிக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் தென்மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2019-இல் திருத்திய விதி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 9,000 ரூபாய் வைத்தது. கலை, அறிவியல் பட்டதாரிகளும் சேரலாம். ஏற்கெனவே ஓராண்டு வேலை அனுபவம் இருந்தால் தகுதி போய்விடும், ஆகவே கிடைத்த ஏதோ ஒன்றில் ஓராண்டு கழித்துவிட்டு இதற்கு வர முடியாது.

எதை எடுத்தாலும் மூன்று தாள்களைப் பத்திரமாக வையுங்கள்: முதல் வரைவு, அதன் மேல் வந்த குறிப்புகள், திருத்திய வரைவு. பளபளப்பான இறுதி அறிக்கையைவிட நேர்காணலில் இந்த மூன்றும் அதிகம் பேசும். கல்லூரியில் பொதுவாக மூன்று ரெவ்யூ நடக்கும். முதல் ரெவ்யூ வரை, ஏறக்குறைய நான்கு வாரத்தில், உங்கள் வேலை யாரிடமிருந்தும் ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை என்றால் அந்த வழியை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறிவிடுங்கள். முதல் ரெவ்யூவில் தலைப்பு மாற்றக் கைடு ஒப்புவார். இரண்டாவதில் ஒப்ப மாட்டார்.